பொங்கலுக்கு நாற்பது நாள்காட்டிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில், 2025ஆம் ஆண்டு ஐப்பசியில் தொடங்கி மார்கழி முடியும் வரை, நானும் என் அக்காவும் கல்லூரியில் படிக்கும் அவர் மகளும் பக்கத்து வீட்டுக் கைத்தறி நெசவாளர் ஒருவரும் சேர்ந்து, உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் பொங்கல் பரிசாகக் கொடுப்பதற்காகக் கையால் காகித நாள்காட்டிகள் செய்தோம். முதலில் செய்த இருபத்து நான்கில் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்க முடியவில்லை. இரண்டாவது முறை வேறு அமைப்பில் செய்த நாற்பதையும் கொடுத்தோம். முதல் தொகுதி ஏன் தோற்றது, இரண்டாவது எந்த அளவுக்குத் தேறியது என்பதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் நாள்காட்டிக்குப் பஞ்சமே கிடையாது. மார்கழி பிறந்ததும் நகைக்கடை, உரக்கடை, அரிசி ஆலை, மஞ்சள் மண்டி என்று ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக்குப் போகும் வழியில் ஓர் ஆணி இருக்கும். அதில் தொங்குவதைத்தான் வீட்டிலுள்ளவர்கள் பார்ப்பார்கள், மற்றவை பீரோவுக்குப் பின்னால் போய்விடும். ஆகவே இலவசமாகவும் பிழையில்லாமலும் வருகிற அச்சு நாள்காட்டிக்கு எதிரில் நம்முடையது எதற்காக நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு நாங்கள் தொடக்கத்திலேயே விடை தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. பூ எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் ஒரு வாரம் பேசினோம்.

முதல் தொகுதி

முதல் திட்டப்படி, காகிதத்தையும் நாங்களே செய்வதாக இருந்தது. கைக்காகிதம் செய்பவர்கள் பருத்திப் பின்னலாடைத் துண்டுகளைக் கூழாக்கித்தான் தாள் வார்க்கிறார்கள். திருப்பூர் அருகிலேயே இருப்பதால் பனியன் கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை எளிதாகக் கிடைத்தது. ஆனால் அந்தத் துணியை நாராகப் பிரித்து நசுக்குவதற்கு அதற்கென்றே உள்ள அரைவை இயந்திரம் வேண்டும். வீட்டு மிக்ஸியில் ஊறவைத்த துணியைப் போட்டதும் இழைகள் கத்தியைச் சுற்றிக்கொண்டு மோட்டார் நின்றுவிட்டது. அக்காவின் மிக்ஸி அது. அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்க அவர் அனுமதிக்கவில்லை என்பதால் இங்கும் சேர்க்கவில்லை.

பிறகு பழைய விடைத்தாள்களை இரண்டு நாள் ஊறவைத்து அரைத்து, கொசுவலை அடித்த மரச்சட்டத்தில் வார்த்து, பழைய வேட்டித் துணியின் மேல் கவிழ்த்து உலர்த்தினோம். தாள் அழகாகவே வந்தது. சாம்பல் கலந்த வெண்மையும், அங்கங்கே நீல மையின் புள்ளிகளும், பிய்த்தெடுத்தது போன்ற விளிம்புமாக, கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மனம் வராமல் இருந்தார்கள். எழுதிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. பேனா மை மையொற்றுத் தாளில் விழுந்ததுபோல நாலாபக்கமும் பரவியது. வீட்டு இங்க்ஜெட் அச்சு அதைவிட மோசமாக ஊறி, எட்டும் ஆறும் ஒன்றுபோல் ஆகிவிட்டன.

இதற்கு வழி சொன்னவர் நெசவாளர். "பாவுக்குக் கஞ்சி ஏத்தறமில்லீங்களா, அதேமாதிரி காயிதத்துக்கும் ஏத்திப் பாருங்க" என்றார். உண்மையில் காகித ஆலைகளும் அதைத்தான் செய்கின்றன. நார்களுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் மையை உறிஞ்சாமல் இருக்க மாவுப்பொருளோ பிசினோ ஏற்றுவதால்தான் கடைத்தாளில் எழுத்து நிற்கிறது. விடைத்தாளிலும் அது இருந்திருக்கும்; நாங்கள் ஊறவைத்து அரைத்து அலசியதில் பெரும்பகுதி போய்விட்டிருக்க வேண்டும். மெல்லிய அரிசிக் கஞ்சியில் தாளை முக்கி உலர்த்தியபின் பந்துமுனைப் பேனாவுக்கு அது ஓரளவு தாங்கியது. இருந்தாலும் ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை உலர்த்த வேண்டியதாயிற்று. ஐப்பசி கார்த்திகை மழையில், திண்ணை முழுக்கக் கொடி கட்டியும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தாளுக்கு மேல் தேறவில்லை.

அடுத்தது அலங்காரம். அக்கா மகள் வண்ணக் காகித இழைகளைச் சுருட்டி ஆவாரம்பூ, பூளைப்பூ, மஞ்சள் கொத்து, காங்கேயம் காளையின் திமில் என்று மாதத்துக்கு ஒன்றாக வடிவமைத்திருந்தாள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நேர்த்தியானது. ஆனால் சுருட்டிய இழையின் உயரம் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர். பன்னிரண்டு பக்கங்களை அடுக்கினால் அலங்காரம் மட்டுமே ஆறு சென்டிமீட்டர் ஆகிறது. நாங்கள் வாங்கியிருந்த கம்பி வளையத்தில் அது நுழையவே இல்லை. பெரிய வளையம் போட்டுக் கட்டினால் பக்கத்தைப் புரட்டும்போது மேலேயுள்ள காளை கீழேயுள்ள பூவில் சிக்கிக் கிழிந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் வாழ்த்து அட்டையாக எண்ணிச் செய்திருந்தோம். ஆண்டு முழுவதும் புரட்டப்பட வேண்டிய பொருள் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

தேதிக் கட்டத்திலும் இதே தவறு வேறு விதத்தில் நடந்தது. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை ஏழேழாக அடுக்கிய ஒரே எண்கட்டத்தை ரப்பரில் வெட்டி, எல்லா மாதத்துக்கும் அதையே குத்தி, மேலே எழுதும் கிழமை வரிசையை மட்டும் மாதத்துக்கேற்ப மாற்றுவது என் யோசனை. ஜனவரி 2026 வியாழனில் தொடங்குவதால் அந்த மாதத்தின் முதல் பத்தி வியாழன். ஏப்ரலில் அது புதன். கணக்குப்படி பிழையே இல்லை. வேலையும் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதத்துக்கு மாதம் இடம் மாறியது. இடப்பக்க ஓரத்தில் சிவப்பாக நிற்கும் ஞாயிற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நாள்காட்டியாகவே படவில்லை. செய்பவருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று எடுத்த முடிவு, பார்ப்பவருக்கு ஆண்டு முழுவதும் சிரமமாக முடிந்திருக்கும்.

கடைசி அடியை என் தந்தைதான் கொடுத்தார். முடித்த ஒன்றை ஆர்வமாக எடுத்துக்கொண்டுபோய்ப் பேத்தி அவர் கையில் வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டியவர், "ஏங் கண்ணு, அமாவாசை எங்க போட்டிருக்கற?" என்றார். "அதெல்லாம் போடலீங்க அப்புச்சி" என்று அவள் சொன்னதும், மறுபேச்சுப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கத்தில் வளர்ந்தவருக்கு அமாவாசை இல்லாத நாள்காட்டி எதற்கு என்பது நியாயமான கேள்விதான்.

எங்கே பிசகியது

இருபத்து நான்கையும் திண்ணையில் பரப்பி வைத்துக்கொண்டு, கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிறு முழுவதும் பேசினோம். எழுதினால் மை ஊறுகிறது, புரட்டினால் கிழிகிறது, பார்த்தால் கிழமை புரியவில்லை, தேடினால் திதி இல்லை என்று நான்கு குறைகள். நான்குக்கும் வேர் ஒன்றே என்பது என் கருத்து. எங்கள் வீடுகளில் நாள்காட்டி என்பது கணக்குப் புத்தகத்துக்குத் தம்பி. பால் எத்தனை லிட்டர், காஸ் சிலிண்டர் என்றைக்கு மாட்டினோம், சீட்டுப் பணம் எந்தத் தேதி, யார் வீட்டுச் சீர் எப்போது என்பவை எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள்ளேதான் எழுதப்படுகின்றன. நாங்களோ அதைப் படமாக எண்ணித் தொடங்கி, தேதியைக் கடைசியில் ஒட்டினோம். தாளும் அளவும் அலங்காரமும் கட்டும் முறையும், கட்டத்தில் என்ன எழுதப்படும் என்பதிலிருந்து பிறந்திருக்க வேண்டும்.

அந்தப் பேச்சின் நடுவில் நெசவாளர் எங்கள் சுவரைக் காட்டினார். ஆணியில் தொங்கிய சிவகாசித் தினக்காட்டியில், படம் ஓர் அட்டையில் இருக்கிறது, அது ஆண்டு முழுவதும் அசைவதில்லை. தேதித்தாள் தனிக் கட்டாகக் கீழே இருக்கிறது, அதுதான் கிழிபடுகிறது. படத்தையும் தேதியையும் பிரித்துவிட்டால் எங்கள் தொல்லையில் பாதி தீர்ந்துவிடும். தினமும் பார்க்கிற பொருளின் அமைப்பைக் கவனிக்க எங்களுக்கு இரண்டு மாதமும் ஒரு மிக்ஸியும் தேவைப்பட்டன.

இரண்டாம் தொகுதி

புதிய அமைப்பில் மேசையில் நிற்கும் கூடார வடிவ அட்டை ஒன்று. அதன் முகப்பில் மேற்பாதி காகித வேலைப்பாடு, கீழ்ப்பாதியில் மாதத்தாள். தாளின் நான்கு மூலைகளும் அட்டையிலுள்ள சாய்ந்த கீறல்களுக்குள் செருகப்படும், பழைய ஆல்பங்களில் புகைப்படம் செருகுவதைப்போல. பசையில்லை, கம்பியில்லை. மாதம் முடிந்ததும் முன்தாளை உருவிப் பின்னால் செருகிவிடலாம். ஆண்டு முடிந்தால் அட்டை அப்படியே இருக்க, தாள்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மாதத்தாளுக்குக் கைக்காகிதத்தை விட்டுவிட்டுச் சாதாரண ஏ4 தாளையே எடுத்தோம். கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். கொங்கு மண்ணில் விளைந்த தாள் என்று சொல்லி அக்கா மகளின் மனத்தைத் தேற்றினோம். ஏ4 என்பது 297க்கு 210 மில்லிமீட்டர். நான்காக வெட்டினால் ஏ6, அதாவது 148க்கு 105. படுக்கைவாட்டில் வைத்தால் ஏழு பத்திகளுக்கும் தலா இருபது மில்லிமீட்டர் அகலம் கிடைக்கிறது. "பால் 2" என்று எழுத அது போதும்.

இந்த முறை ஞாயிற்றை இடப்பக்கத்திலேயே நிறுத்தினோம். அப்படியானால் பன்னிரண்டு கட்டங்கள் வரைய வேண்டுமா என்றால், வேண்டாம். மாதம் எந்தக் கிழமையில் பிறந்தாலும் கட்டம் ஏழு வகைதான். 2026இல் ஜனவரியும் அக்டோபரும் வியாழனில் பிறக்கின்றன. பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூன்றும் ஞாயிற்றில். ஏப்ரலும் ஜூலையும் புதனில். செப்டம்பரும் டிசம்பரும் செவ்வாயில். மே வெள்ளி, ஜூன் திங்கள், ஆகஸ்ட் சனி என்று தனித்தனி. லீப் ஆண்டல்லாத எந்த ஆண்டிலும் இந்தக் கூட்டணி மாறுவதில்லை, கிழமை மட்டுமே மாறும். ஆகவே ஏழு மூலப்படிகளைக் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டோம். ஜெராக்ஸ் மை தூளாக வந்து வெப்பத்தில் உருகி ஒட்டுவது. ஈரக்கை பட்டாலும் கரையாது.

பொங்கலன்று கொடுக்கும் பரிசில் ஜனவரியின் முதல் இரண்டு வாரம் ஏற்கெனவே போய்விட்டிருக்கும் என்பது ஒரு குறைதான். அதற்கு ஈடாக 2027 ஜனவரியையும் பதின்மூன்றாவது தாளாகச் சேர்த்தோம். அடுத்த பொங்கல் வரை வரட்டும் என்று. அந்த ஜனவரி வெள்ளியில் பிறக்கிறது, முப்பத்தொரு நாள். அதனால் மே மாதக் கட்டமே அதற்கும் பொருந்திவிட்டது. வரிசைகளைப் பொறுத்தவரை பிப்ரவரி ஞாயிற்றில் தொடங்கி இருபத்தெட்டு நாளில் முடிவதால் நான்கே வரியில் அச்சாக அடங்கியது. மேயும் ஆகஸ்டும் ஆறு வரி கேட்டன. உயரம் போதாததால் அச்சு நாள்காட்டிக்காரர்கள் செய்வதைப்போல, மே 31ஐயும் ஆகஸ்ட் 30, 31ஐயும் முதல் வரியில் காலியாக நின்ற கட்டங்களில் ஏற்றிவிட்டோம். இதை எப்படிப் படிப்பார்களோ என்று நான் தயங்கினேன். தந்தைக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

ஒரு தாளில் நான்கு என்ற கணக்கில் மாதத்துக்குப் பத்துத் தாள், மொத்தம் நூற்று முப்பது ஏ4 தாள்கள், ஐந்நூற்று இருபது மாதத்தாள்கள். இதில் ஒரு பிழை புகுந்தது. மூலப்படி எல்லாவற்றிலும் 31 வரை எழுதியிருந்ததால், குறைந்த நாள் உள்ள மாதங்களுக்கு மிச்சத்தை வெள்ளைத் துண்டால் மறைத்துப் படியெடுத்தோம். நவம்பரில் நான்கு மூலைகளில் ஒன்றில் துண்டு விழுந்துவிட்டது. பத்துத் தாளிலும் ஒவ்வொன்று, ஆகப் பத்து வீட்டுக்கு நவம்பர் 31 செவ்வாய்க்கிழமை போகவிருந்தது. அடுத்த தாளில் டிசம்பர் 1உம் செவ்வாயாக இருப்பதை நெசவாளர்தான் பிடித்தார். அதன்பிறகு ஒவ்வொரு மாதத்தின் கடைசிக் கிழமைக்கு அடுத்த கிழமையில் அடுத்த மாதம் பிறக்கிறதா என்று ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சரிபார்த்தோம். சாதாரண ஆண்டு தொடங்கிய கிழமையிலேயே முடியும்; 2026 ஜனவரி 1 வியாழன், டிசம்பர் 31உம் வியாழன் என்று வந்தபோதுதான் நிம்மதி.

திதிகள் வேறு வகைத் தொல்லை. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள கோண இடைவெளியைக் கொண்டு கணிக்கப்படுவது. ஏறத்தாழ பத்தொன்பது முதல் இருபத்தாறு மணி நேரம் வரை நீளும், நம் விடியலோடு சேர்ந்து தொடங்குவதில்லை. அதனால் ஓர் அமாவாசை இரண்டு நாள்களில் பரவி நிற்கும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சிலபோது வேறு வேறு நாளைச் சொல்லும். வீட்டிலிருந்த விசுவாவசு ஆண்டுப் பஞ்சாங்கம் பங்குனியோடு முடிந்துவிடுவதால், சித்திரைக்குப் பிந்திய நாள்களுக்கு இரண்டு அச்சு நாள்காட்டிகளை ஒப்பிட்டு, ஒத்துப்போனவற்றைக் கருவட்டமாகவும், ஒத்துப்போகாதவற்றை இரண்டு நாளுக்கும் நடுவில் அரைவட்டமாகவும் குறித்தோம். ஜனவரி 18 ஞாயிறு தை அமாவாசை, ஆகஸ்ட் 12 புதன் ஆடி அமாவாசை என்ற பெரிய நாள்களில் ஐயமே எழவில்லை. பதின்மூன்றாம் தாளுக்கு எதுவும் கிடைக்காததால் வட்டமில்லாமலே விட்டோம்.

எந்த அச்சு நாள்காட்டியிலும் வராத ஒன்றையும் சேர்த்தோம். எங்கள் ஊர்களில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, என்றைக்கு என்பது பூச்சாட்டிய பிறகுதான் உறுதியாகும். முன்கூட்டி அச்சிட முடியாது. ஆகவே தாளின் அடியில் "நம்ம ஊர் நோம்பி" என்று போட்டு ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டோம். சந்தைக் கிழமைகளை, பொள்ளாச்சிப் பக்கம் போகிறவற்றில் செவ்வாய் வியாழனும், புளியம்பட்டிப் பக்கம் போகிறவற்றில் வியாழனுமாக, பச்சைப் புள்ளியிட்டோம். நாற்பதில் பதினொன்று இப்படி ஊர் பார்த்துக் குறிக்கப்பட்டவை.

இனிக் காகித வேலைப்பாடு. சுருள்பூவை விட்டுவிட்டு, நெசவாளரின் யோசனைப்படி, பவானி ஜமுக்காளத்தின் பட்டைகளைப் போலக் காகித இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினோம். உயரமில்லை, சிக்காது, கூரியரில் நசுங்காது. பொருளும் செலவில்லாமல் கிடைத்தது. எந்த வீட்டிலும் ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை கிடக்கும். அவற்றின் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கெட்டித் தாளும் இதற்கென்றே செய்ததுபோல் இருந்தன. பெயரும் படமும் இல்லாத பகுதியை மட்டும் எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டினோம்.

வெட்டும்போது கற்றது இது. ஆலைத் தாளில் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடிய திசையிலேயே படிந்திருக்கும். அந்தத் திசையில் வெட்டிய இழை நேராக நிற்கும். குறுக்கே வெட்டியது பசை பட்டதும் நெளியும். திசையை அறிய, ஒரு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் தடவினால், நார் குறுக்குவாட்டில் உப்பித் தாள் குழலாகச் சுருளும். அந்தக் குழலின் நீளவாட்டமே நாரின் ஓட்டம். கூடார அட்டையின் மடிப்பும் இந்த ஓட்டத்தோடு அமைய வேண்டும், எதிராக மடித்தால் முதுகு வெடிக்கும். நாங்கள் வார்த்த கைக்காகிதத்தில் நார்கள் எல்லாத் திசையிலும் கிடந்ததால் இந்தச் சிக்கல் இல்லை. அதற்குரிய ஒரே நன்மை அதுதான் என்று எரிச்சலோடு குறித்து வைத்திருக்கிறேன்.

ஒட்டுவதற்கு மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்தோம். பழைய பைண்டர்கள் இராமபாணப் பூச்சி அரிக்காமல் இருக்கச் செய்வது அது. மயில்துத்தம் நஞ்சு என்பதால் அந்தப் பாத்திரத்தைத் தனியே ஒதுக்கி, சிறுவர்களைப் பக்கத்தில் விடவில்லை. நீர்ப்பசை பட்ட தாள் ஈரத்தில் நீண்டு, உலரும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். முதலில் ஒட்டிய ஆறு அட்டைகள் இப்படி வில்லாக வளைந்தன. அட்டையின் பின்புறமும் அதே வாட்டத்தில் ஒரு தாள் ஒட்டி, செய்தித்தாள்களுக்கு நடுவே அடுக்கி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஒரு பகலும் ஓர் இரவும் வைத்தபின் வளைவு நின்றது. கல்லின் அடியில் ஒருமுறைக்கு எட்டுதான் கொள்ளும். எத்தனை கைகள் சேர்ந்து வெட்டினாலும் பின்னினாலும், ஒரு நாளின் விளைச்சல் எட்டே. தொடங்கும் நாளை முடிவு செய்பவர்கள் இந்த ஒரு கணக்கை முதலில் போட்டுவிட்டு, மழை நாள்களுக்காக இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டும்.

கொடுத்த பிறகு

போகியன்று காப்புக் கட்டப் போனபோதே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். மீதி பட்டிப் பொங்கலுக்கும் பூப்பறிக்கிற நோம்பிக்கும் வந்தவர்களிடமும், ஒன்பது கூரியரிலும் போயின. சித்திரை பிறந்தபின் நாங்கள் நேரில் போய்ப் பார்த்த வீடுகள் முப்பத்தொன்று. அவற்றில் பத்தொன்பதில் சரியான மாதத்தாள் முன்னால் இருந்தது. எட்டில் இன்னும் ஜனவரி. நான்கு வீடுகளில் கண்ணில் படவில்லை, கேட்கவும் இல்லை. ஜனவரியிலேயே நின்றவை பெரும்பாலும் டிவிக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைக்கப்பட்டவை. மாறியவை சமையலறை மேடையிலோ பால் வைக்கும் திண்டிலோ இருந்தன. ஒரு வீட்டில் மூலைக் கீறல் தளர்ந்து தாள் நழுவியதால் துணி மாட்டும் கிளிப்பைப் போட்டிருந்தார்கள். கீறலை ஒரு சென்டிமீட்டர் குறைவாக வெட்டியிருக்க வேண்டும்.

"நம்ம ஊர் நோம்பி" என்ற கோட்டில் பதினான்கு வீடுகளில் எழுதியிருந்தார்கள். இரண்டில், அந்தக் கோட்டுக்கு மேலேயே மொய்க் கணக்கும் ஏறியிருந்தது.

சிவகாசியில் புதிய ஆண்டு நாள்காட்டிகளின் ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவார்கள். நாங்களும் இவ்வாண்டு ஆடி 18 அன்றே முதல் மூலப்படியை எழுதத் தொடங்குவதாக இருக்கிறோம். அட்டைகள் திரும்பி வராது, தாள்கள் மட்டும்தான் செய்ய வேண்டும். கிருத்திகையையும் போடச் சொல்லி என் தந்தை கேட்டிருக்கிறார். அக்கா புதிய மிக்ஸி வாங்கிவிட்டார், அதை மேல் அலமாரியில் வைத்திருக்கிறார்.